உப்புக் கணக்கு

காப்பிப் பொடிக்குக் கணக்கு உண்டு. நெய்க்குக் கணக்கு உண்டு. மாதத்தில் எத்தனை லிட்டர் பால் வாங்கினோம், அதில் எத்தனை நாள் பால்காரர் தண்ணீரைத் தாராளமாகச் சேர்த்தார் என்பதற்குக்கூட நம் வீடுகளில் மனக்கணக்கு உண்டு. ஆனால், சென்ற மாதம் உப்பு எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்களே தவிர, பதில் வராது. சமையலறையிலுள்ள பண்டங்களில் மிகவும் மலிவானது உப்பு. தீர்ந்துவிட்டால் பையனைக் கடைக்கு அனுப்பி ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்கிறோம். அதற்குக் கணக்கு எழுதி வைக்கிற மனிதரை ஊரார் கருமி என்பார்கள். இப்படிக் கணக்கில் அடங்காமல் வீட்டுக்குள் வந்துபோகும் இந்தப் பண்டந்தான் இரத்த அழுத்தத்துக்கும், அதன் வழியாகப் பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் முக்கியமான காரணங்களில் ஒன்று என்று வைத்திய சாஸ்திரம் சொல்கிறது. ஆகையால், நாமே கருமி என்று பெயர் வாங்கினாலும் பாதகமில்லை என்று துணிந்து, இந்த உப்புக்கு ஒரு கணக்குப் பார்க்கலாம் என்று உத்தேசித்திருக்கிறோம்.

உப்புக்குத் தேசமே கணக்குப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. அன்னிய சர்க்கார் உப்புக்கு வரி போட்டிருந்தார்கள். 1930-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 12-ந் தேதி மகாத்மா காந்தி சபர்மதியிலிருந்து தண்டிக் கடற்கரையை நோக்கி நடந்தார். ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் புறப்பட்டு வேதாரண்யத்துக்குச் சென்று உப்பு அள்ளிக் கைதானார். வரி ஒழிந்தது 1947-ல். யாத்திரைக்கு முன் வைஸ்ராய் இர்வினுக்குக் காந்திஜி எழுதிய கடிதத்தில் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. பணக்காரனைவிட ஏழைதான் அதிக உப்புச் சாப்பிட வேண்டியவன், ஆகவே இந்த வரியின் பாரம் ஏழையின் தலையிலேயே அதிகமாக விழுகிறது என்று அவர் எடுத்துக் காட்டினார். இது ராஜீய வாதம் மட்டுமல்ல. சரீர தத்துவத்துக்கும் பொருந்திய வாதம். வெயிலில் மண்வெட்டி பிடிக்கிறவனுடைய வேர்வையில் உப்புப் போகிறது. ஒரு லிட்டர் வேர்வையில் இரண்டு, மூன்று கிராம் உப்புக்கூடப் போய்விடலாம். கூழோடு அவன் கடித்துக்கொள்ளும் உப்புக் கல்லுக்கு நியாயம் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், உப்புக்காகச் சிறை சென்ற அந்த மகான் தம் சாப்பாட்டில் உப்பை விட்டுப் பார்த்தவர். தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது கஸ்தூரி பாய் நோயுற்றிருந்தார். உப்பையும் பருப்பையும் விட்டுவிடும்படி காந்திஜி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "உங்களை விடச் சொன்னால் நீங்களே விடமாட்டீர்கள்" என்ற பொருள்பட அம்மையார் பதில் சொல்லிவிட்டார். உடனே காந்திஜி, "இதோ, ஒரு வருஷத்துக்கு இரண்டையும் விட்டேன்" என்று சபதம் செய்துவிட்டார்! சுயசரிதையில் அவரே எழுதியிருக்கும் இந்தச் சம்பவத்தை நம் வாசகர்கள் வீட்டில் பரீக்ஷித்துப் பார்க்கும்படி நாம் சிபாரிசு செய்யவில்லை. உப்பின் விஷயத்தில் இத்தனை வைராக்கியம் தேவையுமில்லை.

உப்பு என்பது ஸோடியம், குளோரின் என்னும் இரண்டு பொருள்கள் கூடியது. 5 கிராம் உப்பில் 2 கிராம் ஸோடியம் இருக்கிறது. நம் உடம்பிலுள்ள இரத்தமும், அணுக்களைச் சூழ்ந்து நிற்கும் நீரும் உப்புக் கரித்தே இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலுக்கு மேலே புட்டியில் தொங்குகிறதே, அந்த ஸலைன் நீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. நம் இரத்தத்துக்கு ஒத்த அளவு அது. இந்த விகிதத்தை உடம்பு மிகக் கண்டிப்பாகக் காப்பாற்றுகிறது. உப்பு அதிகமாக உள்ளே போனால் தாகம் எடுக்கிறது. குடித்த நீரை உடம்பு விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. குழாயில் தண்ணீர் அதிகமானால் குழாயின் சுவரில் அழுத்தம் அதிகமாகத்தானே செய்யும்? அதிகமான உப்பை வெளியேற்றும் பொறுப்புச் சிறுநீரகங்களுடையது. அவை செய்யும் வேலையைக் கேட்டால் பிரமிப்பாயிருக்கும். ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை அவை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அந்த நீருடன் சுமார் ஒன்றரைக் கிலோ உப்பு வெளியே வருகிறது. அதில் சில கிராம் நீங்கலாக மற்றதையெல்லாம் திரும்பவும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. உப்பு அரிதாயிருந்த காலத்தில் ஒரு கல்லைக்கூட இழக்காமல் சேமிப்பதற்கென்று அமைந்த இயந்திரம் இது. அதன் சாமர்த்தியமெல்லாம் சேமிப்பில்தான். வருஷக்கணக்காக மிஞ்சியதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் பலருடைய சிறுநீரகங்கள் திணறிப் போகின்றன. சிலருக்கு இந்தத் திணறல் சீக்கிரம் வருகிறது. சிலருக்கு வயதான பிறகு வருகிறது. யாருக்கு எப்போது என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

உப்பே இல்லாவிட்டால் என்ன ஆகும்? மக்கான்ஸ் என்ற ஆங்கில வைத்தியர் 1930-களில் இதைச் சோதித்துப் பார்த்தார். உப்பில்லாத ஆகாரம் கொடுத்து, உஷ்ணத்தில் வேர்வை சிந்தவும் வைத்து, ஆரோக்கியமான சிலரின் உடம்பிலிருந்த உப்பைக் குறைத்தார். அவர்களுக்குச் சாப்பாடு ருசிக்கவில்லை, சோர்வு வந்தது, தசைகள் பிடித்துக்கொண்டன. ஆகவே, உப்பு உடம்புக்கு வேண்டிய பொருள் என்பதில் விவாதமே இல்லை. ஆனால் அந்த நிலையை உண்டாக்க அவர் எத்தனை பிரயத்தனம் செய்ய வேண்டியிருந்தது என்பதையும் பாருங்கள்! சாதாரணமாகச் சாப்பிட்டு, சாதாரணமாக நடமாடும் மனிதருக்கு அந்த அபாயம் இல்லை. பாலிலும் கீரையிலும் காய்கறியிலும் இயற்கையாகவே சிறிதளவு உப்பு இருக்கிறது.

மனிதர் எவ்வளவு குறைந்த உப்பில் வாழ முடியும் என்பதற்குப் பிரேஸில் நாட்டுக் காடுகளில் வசிக்கும் யானோமாமி ஜனங்கள் அத்தாட்சி. அவர்கள் உணவில் உப்புச் சேர்ப்பதில்லை. 1988-ல் பிரசுரமான 'இன்டர்ஸால்ட்' என்னும் பெரிய ஆராய்ச்சி 32 நாடுகளில் 52 இடங்களில் 10,079 பேருடைய இரத்த அழுத்தத்தையும், ஒரு நாள் முழுவதும் சேகரித்த சிறுநீரிலுள்ள உப்பையும் அளந்தது. அதில் யானோமாமிகளின் சராசரி இரத்த அழுத்தம் 96-க்கு 61. வயது ஏற ஏற இரத்த அழுத்தமும் ஏறுவது நம்மிடையே நரை திரையைப் போல இயற்கை என்று கருதப்படுகிறது. அவர்களிடையே அது ஏறுவதில்லை. அவர்கள் காட்டில் நடந்து திரிகிறவர்கள், மெலிந்த தேகிகள், ஆகையால் உப்பு ஒன்றையே காரணமாகச் சொல்வது சரியல்ல என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் உப்பில்லாமல் உடம்பு தளர்ந்து போகும் என்ற பேச்சுக்கு மட்டும் அவர்களிடத்தில் ஆதாரம் கிடையாது.

இதற்கு நேர் எதிரான கோடியில் இருந்தவர்கள் ஜப்பானின் வட பாகத்துக் கிராமவாசிகள். பனி மூடிய நீண்ட குளிர்காலத்தில் அவர்களுக்குக் கிடைத்தவை உப்பில் ஊறிய காய்கறிகள், உப்பிட்ட மீன், உப்பு மிகுந்த மிஸோ ரசம் முதலியவை. 1960-ல் லூயி டால் என்ற அமெரிக்க விஞ்ஞானி பல நாட்டாரின் உப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஒப்பிட்டு ஒரு படம் வரைந்தார். அதில் உச்சியில் நின்றவர்கள் இந்த வட ஜப்பானியர். தினம் 25 கிராமுக்கு மேல் உப்பு! 1951 முதல் 1980 வரையில் ஜப்பானில் மிக அதிகமான உயிர்களைக் கொண்டு சென்ற வியாதி பக்கவாதந்தான். பிறகு அந்நாட்டார் உப்பைக் குறைக்கவும், இரத்த அழுத்தத்துக்கு வைத்தியம் செய்துகொள்ளவும் பெருமுயற்சி செய்தார்கள். அந்த வியாதியும் இறங்கு முகமாயிற்று. அரிசிச் சோறும் ஊறுகாயும் நமக்கும் அவர்களுக்கும் பொதுவானபடியால் ஜப்பானின் கதை நமக்கு அதிகப் பொருத்தமானது.

அரிசி என்றதும் இன்னொரு கதை நினைவுக்கு வருகிறது. கெம்ப்னர் என்ற ஜெர்மானிய வைத்தியர் தாய்நாட்டை விட்டு வந்து அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையில் இருந்தார். கடுமையான இரத்த அழுத்தத்துக்கு அந்நாளில் தக்க மருந்து கிடையாது. 1939-லிருந்து அவர் அத்தகைய நோயாளிகளுக்கு அரிசிச் சோறு, பழம், சர்க்கரை ஆகியவற்றை மட்டும் கொடுத்துப் பார்த்தார். உப்பு ஏறக்குறையச் சூன்யம். இரண்டு வாரத்துக்கு அந்தப் பத்தியம் இருந்துவிட்டு வரும்படி ஒரு ஸ்திரீயிடம் அவர் சொன்னாராம். அவருடைய ஜெர்மன் வாடை வீசிய இங்கிலீஷ் அந்த அம்மாளுக்கு 'இரண்டு மாதம்' என்று காதில் விழுந்தது. இரண்டு மாதம் கழித்து அவள் திரும்பி வந்தபோது இரத்த அழுத்தம் வெகுவாகத் தணிந்திருந்தது. வீங்கியிருந்த இருதயமும் சுருங்கியிருந்தது. பிறகு கெம்ப்னர் மற்ற நோயாளிகளுக்கும் பத்தியத்தை நீடித்தார். உப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சம்பந்தம் உண்டென்று பிரெஞ்சு தேசத்தில் அம்பார், போஜார் என்ற இருவர் 1904-லேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது இந்த அரிசிப் பத்தியத்துக்குப் பிறகுதான். நம் ஊர் வைத்தியர்கள் உப்பில்லாப் பத்தியம் வைத்தபோது முகம் சுளித்தவர்கள், அமெரிக்காவிலிருந்து செய்தி வந்ததும் தலையாட்டியிருப்பார்கள் என்பது நம்முடைய ஊகம்.

எவ்வளவுதான் சாப்பிடலாம்? உலக சுகாதார ஸ்தாபனம் வயது வந்தவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்று சொல்கிறது. ஹைதராபாத்திலுள்ள தேசிய போஷாக்கு ஆராய்ச்சி நிலையம் 2024-ல் வெளியிட்ட ஆகார விதிகளிலும் அதே 5 கிராம். தேக்கரண்டியில் தலை தட்டி எடுத்தால் அதற்கும் சற்றுக் குறைவு. சாம்பார், ரசம், கறி, கூட்டு, ஊறுகாய், அப்பளம், மாலைப் பலகாரம் எல்லாம் அடக்கம்! உலகத்தில் சராசரி மனிதர் சாப்பிடுவது இதற்கு இரட்டிப்பு. சென்னை நகரத்தில் நடந்து 2007-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் சராசரி 8.5 கிராம் என்று கண்டார்கள். அதிக உப்புச் சாப்பிட்டவர்களிடையே இரத்த அழுத்தமும் அதிகமாகவே காணப்பட்டது. 2023-ல் பிரசுரமான அகில இந்தியக் கணக்கின்படி நம் நாட்டில் வயது வந்தவர்களில் 100-க்கு 35 பேருக்கு மேல் இரத்த அழுத்த நோய் இருக்கிறது. அது தலைவலியாகவோ காய்ச்சலாகவோ வந்து எச்சரிப்பதில்லை. பலருக்கு முதல் எச்சரிக்கையே ஒரு நாள் காலையில் கை தூக்க முடியாமல் போவதுதான்.

விஞ்ஞானிகள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்று சொன்னால் அது உண்மையாகாது. 2014-ல் கனடா தேசத்து மக்மாஸ்டர் சர்வகலாசாலையார் 17 நாடுகளில் லட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். தினம் ஏழரை கிராம் முதல் 15 கிராம் வரை உப்புச் சாப்பிட்டவர்களிடையேதான் மரணமும் இருதய நோயும் மிகக் குறைவு. அதற்கு மேல் போனாலும் அபாயம், கீழே போனாலும் அபாயம் என்பது அந்த முடிவு. ஊறுகாய்ப் பிரியர்கள் மகிழ்ச்சி அடைந்திருப்பார்கள். ஆனால் அந்த ஆராய்ச்சியில் ஒரு நாளைய சிறுநீர் முழுவதையும் அளக்கவில்லை. காலையில் ஒரு தடவை எடுத்த சிறுநீரை வைத்து முழு நாளைய உப்பை மதிப்பிட்டார்கள். மேலும், ஏற்கெனவே நோயுற்றவர்கள் குறைவாகச் சாப்பிடுவார்கள். ஆகவே உப்புக் குறைந்ததால் நோயா, நோயினால் உப்புக் குறைந்ததா என்று பிரித்தறிவது கடினம். 2022-ல் முழு நாளைய சிறுநீரை இரண்டு தடவைக்குக் குறையாமல் சேகரித்து 10,709 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, உப்பு ஏற ஏற இருதய நோயும் ஏறிக்கொண்டே போனதைக் கண்டார்கள். 5 கிராமுக்கு வெகுவாகக் கீழே எல்லோரும் போக வேண்டுமா என்பதில் இன்னும் வழக்கு இருக்கலாம். எட்டிலும் பத்திலும் இருப்பவர்கள் ஐந்தை நோக்கி இறங்கினால் இரத்த அழுத்தம் இறங்கும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. சுமார் நாலரை கிராம் குறைத்தால், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவில் சராசரி 5 புள்ளி இறங்குகிறது. அது இல்லாதவர்களுக்கு 2 புள்ளி. தனி மனிதருக்கு இது அற்பமாகத் தோன்றும். லட்சக்கணக்கான குடும்பங்களைச் சேர்த்துப் பார்த்தால், எத்தனையோ வீடுகளில் சம்பாதிக்கிறவர் நாற்பத்தைந்தாவது வயதில் படுக்கையில் விழாமல் இருப்பதற்கு அந்தப் புள்ளிகள் போதும்.

இப்போது வீட்டுக் கணக்குக்கு வருவோம். சிறுநீரைச் சேகரித்து அளப்பதெல்லாம் ஆராய்ச்சிக்காரர்களின் வேலை. நமக்கு அதைவிட எளிய வழி இருக்கிறது. அடுத்த தடவை ஒரு கிலோ உப்புப் பொட்டலம் பிரிக்கும்போது அதன் மேல் தேதியைக் குறித்து வையுங்கள். வீட்டில் வயது வந்தவர்கள் நால்வர் என்றால், ஆளுக்கு 5 கிராம் வீதம் தினம் 20 கிராம். ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். 29 நாளில் தீர்ந்துவிட்டால் ஆளுக்கு 8.5 கிராம், அதாவது மாதம் ஒரு பொட்டலம் வாங்கும் நால்வர் குடும்பம் சரியாகச் சென்னைச் சராசரியில் இருக்கிறது. 20 நாளில் தீர்ந்தால் ஆளுக்குப் பன்னிரண்டரை கிராம்! பித்தளைப் பாத்திரம் தேய்த்ததற்கும், குழந்தைக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டதற்கும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய ஊறுகாய், அப்பளம், பிஸ்கோத்து, ஹோட்டல் டிபன் இவற்றுக்காக அதைவிட அதிகமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். துல்லியமான கணக்கல்லதான். ஆனால் இதற்குச் செலவு ஒரு பென்ஸில் கோடு மட்டுமே.

மேல் நாடுகளில் ஜனங்கள் சாப்பிடும் உப்பில் நூற்றுக்கு எழுபது பங்குக்குக் குறையாமல் ரொட்டியிலும் டப்பா உணவிலும் ஹோட்டல் சாப்பாட்டிலும் வருகிறது. ஆகையால் அங்கே உப்பைக் குறைக்கச் சர்க்காரும் தொழிற்சாலைகளும் முன்வர வேண்டியிருந்தது. பிரிட்டனில் அப்படித் தொழிற்சாலைகளைச் சிறிது சிறிதாகக் குறைக்கச் செய்து, 2003-க்கும் 2011-க்கும் இடையில் சராசரியை ஒன்பதரை கிராமிலிருந்து 8.1 கிராமுக்குக் கொண்டு வந்தார்கள். நம்மிடம் நிலைமை வேறு. நம் உப்பில் பெரும்பகுதி நம் வீட்டு உப்பு ஜாடியிலிருந்தே வருகிறது. சட்டத்துக்கும் சர்க்காருக்கும் காத்திராமல் நாமே குறைத்துக்கொள்ளும் சுதந்திரம் நமக்கு இருக்கிறது. மாதந்தோறும் ஹோட்டலுக்கும் பாக்கெட் தீனிக்கும் நாம் செய்யும் செலவு ஏற ஏற, இந்தச் சுதந்திரமும் கை நழுவிக்கொண்டே வருகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குழந்தைகள் விரும்பும் உடனடி நூடுல்ஸ் ஒரு பொட்டலத்தில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருப்பது சாதாரணம்.

வீட்டுச் சமையலில் எதில் கை வைப்பது? சாம்பாரிலும் ரசத்திலும் உப்பை அடியோடு குறைத்துவிட்டு, வீட்டில் கலகம் உண்டாக்குவதை விட, சுற்றியிருப்பவைகளை முதலில் கவனிப்பது புத்திசாலித்தனம். ஊறுகாய் கெடாமல் இருப்பதே உப்பினால்தான். அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு உப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு பெரிய கரண்டி ஊறுகாயில் ஒன்றரை கிராம் போய்விட்டது. ஓர் அப்பளத்தில் சுமார் அரை கிராம். அதில் உப்பு போதாதென்று அப்பளக்காரம் வேறு சேருகிறது, அதுவும் ஸோடியந்தான். மோர் மிளகாய், வற்றல், வடாம், கருவாடு எல்லாம் இந்த ஜாதி. நம் மோர் சாதத்தைப் பாருங்கள்: சாதத்தைப் பிசையும்போது ஓர் உப்பு; மோரில் ஓர் உப்பு; தொட்டுக்கொள்ள நாரத்தங்காயில் ஓர் உப்பு. வெயிலில் ஏர் உழுதவருக்கு ஏற்பட்ட சாப்பாட்டை, மின்சார விசிறியின் கீழ் நாற்காலியில் உட்கார்ந்து உத்தியோகம் பார்க்கும் நாம் அப்படியே அனுபவிக்கிறோம். மோரில் உப்பை நிறுத்திவிட்டு, ஊறுகாயைக் கரண்டியால் பரிமாறாமல் விரல் நுனியால் தொட்டுக்கொள்ளும் பண்டமாக வைத்துக்கொண்டாலே, தினம் இரண்டு கிராம் மிச்சமாகும் குடும்பங்கள் பல உண்டு.

பழைய விருந்துகளில் இலையின் ஓரத்தில் முதலில் உப்பு வைப்பார்கள். நவநாகரிகத்தில் இது அருகி வருகிறது. இந்த வழக்கத்துக்கு ஆதரவாக அமெரிக்காவிலிருந்து ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. 1987-ல் வெளியான ஒரு பரிசோதனையில் சிலருக்கு உப்புக் குறைத்துச் சமைத்த உணவைக் கொடுத்து, மேஜையில் உப்பைத் தாராளமாக வைத்து, வேண்டிய மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சமையலில் குறைத்த உப்பில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட அவர்கள் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை! உணவுக்குள் கரைந்து மறைந்த உப்பைவிட மேலே தூவிய உப்பு நாக்கில் உறைக்கிறது. ஆகவே, குறைத்துச் சமைத்து, இலை ஓரத்தில் உப்பை வைத்துவிடலாம். சாப்பிட உட்கார்ந்ததும் ருசி பார்ப்பதற்கு முன்பே "உப்புப் பற்றாது" என்று சொல்லும் கனவான்களுக்கும் இது நல்ல விடை.

நாக்கைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அது நாம் நினைப்பதைவிட நல்ல பிள்ளை. பிலடெல்பியா நகரத்தில் சிலரைச் சில மாதம் உப்புக் குறைந்த ஆகாரத்தில் வைத்துப் பார்த்து 1982-ல் எழுதினார்கள். முதலில் சப்பென்றிருந்தது அவர்களுக்குப் பிறகு சரியாக ருசித்தது. முன்பு ருசித்த அளவு இப்போது கரித்தது. நம் வீட்டில் சமைக்கிறவர்கள் கைத்திட்டமாக உப்புப் போடுகிறவர்கள். கைக்குப் பழகிய அளவு சுலபத்தில் மாறாது. ஆகையால் கையை விட்டு ஒரு சிறு கரண்டியைப் பிடிக்க வேண்டியதுதான். போடுகிற அளவில் பத்தில் ஒரு பங்கை ஒரு வாரம் குறையுங்கள். மறு வாரம் மீதியுள்ளதில் பத்தில் ஒரு பங்கு. இப்படி ஐந்து வாரம் சென்றால் எட்டரை கிராம் ஐந்து கிராமாகிவிடும். வீட்டில் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல் செய்வது உத்தமம். சொன்னால் முதல் நாளே எல்லோருக்கும் சப்பென்றிருக்கும். எலுமிச்சம் பழச் சாறு, மிளகு, வறுத்த சீரகம், கொத்தமல்லி இவை இந்த ஐந்து வாரமும் உதவிக்கு வரும். கீரையையும் காயையும் வேக வைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். அதில் பொட்டாஸியம் என்ற சத்துப் போய்விடுகிறது. உப்பு ஏற்றும் அழுத்தத்தைத் தணிக்கும் சத்து அது.

இந்தப் பொட்டாஸியத்தை உப்பிலேயே கலந்துவிட்டால் என்ன என்று சீன தேசத்தில் சோதித்துப் பார்த்தார்கள். 600 கிராமங்கள், 20,995 பேர், முன்பே பக்கவாதம் வந்தவர்கள் அல்லது அறுபது வயதாகி இரத்த அழுத்தம் உள்ளவர்கள். பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்பு; மற்றப் பாதியில் முக்கால் பங்கு சாதாரண உப்பும், கால் பங்கு பொட்டாஸியம் குளோரைடும் கலந்த உப்பு. சுமார் ஐந்து வருஷம் கழித்து, 2021-ல் முடிவு வெளியாயிற்று. கலப்பு உப்புச் சாப்பிட்ட கிராமங்களில் பக்கவாதம் நூற்றுக்கு 14 பங்கும் மரணம் 12 பங்கும் குறைந்திருந்தன. ஆராய்ச்சிகளில் இவ்வளவு தெளிவான முடிவு கிடைப்பது அபூர்வம். 2025 ஜனவரியில் உலக சுகாதார ஸ்தாபனமும் வீட்டு உபயோகத்துக்கு இத்தகைய உப்பைச் சிபாரிசு செய்திருக்கிறது. ஆனால் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை உண்டு. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குப் பொட்டாஸியம் இரத்தத்தில் தேங்கி இருதயத்தையே நிறுத்திவிடக்கூடும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இந்தச் சிபாரிசு பொருந்தாது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தங்கள் வைத்தியரைக் கேட்காமல் இதை வாங்கக் கூடாது. அந்த மாத்திரைகளில் சில தாமே பொட்டாஸியத்தை ஏற்றுகிறவை.

இந்துப்பு, கறுப்பு உப்பு என்று பலவித நாமங்களுடன் அதிக விலைக்கு விற்பவைகளைப் பற்றியும் கேட்பார்கள். நிறமும் மணமும் வேறு; அவற்றில் பெரும்பகுதி அதே ஸோடியம் குளோரைடுதான். இந்துப்பு என்பதற்காக ஒரு கரண்டி அதிகம் போடுகிறவர்கள் பணத்தையும் கொடுத்து நோயையும் வாங்குகிறார்கள். இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. இமயமலை அடிவாரத்தில் கழுத்துக் கழலை நோய் ஊர் ஊராகப் பரவியிருந்த காலத்தில், 1956-ல் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி முதலியோர் தொடங்கிய ஆராய்ச்சி, உப்பில் அயோடின் சேர்த்தால் அந்நோய் குறையும் என்று நிரூபித்தது. இன்று கடையில் விற்கும் உப்பில் அயோடின் இருப்பது அந்த உபகாரத்தினால்தான். உப்பைக் குறைக்கிறவர்கள் அயோடின் சேர்ந்த உப்பையே குறைவாகச் சாப்பிட வேண்டும். அயோடின் இல்லாத உப்புக்கு மாறிவிடக் கூடாது. பாலும் மீனும் முட்டையும் அயோடின் தருகிறவை.

உப்பைக் குறைக்கும் உற்சாகத்தில் செய்யக் கூடாத காரியங்களும் உண்டு. பேதி கண்டவருக்கு உப்பு உயிர் மருந்து. 1971-ல் வங்காள அகதிகள் போங்காவ் முகாமில் வாந்திபேதியால் மடிந்துகொண்டிருந்தபோது, ஊசி மூலம் ஏற்றும் ஸலைன் தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மஹலநபீஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் கரைத்து வைத்துக் குடிக்கச் செய்தே ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். மருந்துக் கடைப் பொட்டலம் கிடைக்காத வேளையில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலை தட்டி அளந்து கரைத்துக் கொடுக்கலாம். இரத்த அழுத்த நோயாளிக்குப் பேதியானாலும் அந்த நேரத்தில் இது வேண்டும். நாள் முழுதும் வெயிலில் உழைக்கிறவரை 5 கிராமில் நிறுத்த வேண்டிய அவசியமில்லை. வயதானவர்களைப் பற்றி, "தாத்தாவுக்கு ஸோடியம் குறைந்துவிட்டது" என்று ஆஸ்பத்திரியில் சொல்வதுண்டு. உடனே வீட்டில் தாத்தாவின் ரசத்தில் உப்பை வாரிப் போடுகிறார்கள். பெரும்பாலும் அந்தக் குறைவு உப்புப் போதாமையால் வருவதல்ல. நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரையாலோ, வேறு நோயினால் உடம்பில் தண்ணீர் தங்குவதாலோ வருவது. அதற்கு உப்பா, தண்ணீரைக் குறைப்பதா, மாத்திரையை மாற்றுவதா என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, பேசத் தெரியாதவர்களின் கட்சியையும் எடுத்துச் சொல்லிவிடுகிறோம். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு வேண்டிய உப்புத் தாய்ப்பாலிலேயே இருக்கிறது. அன்னப் பிராசனம் ஆனபின் கொடுக்கும் பருப்பு சாதத்திலும் காய் மசியலிலும் தனியாக உப்புச் சேர்க்கத் தேவையில்லை. அந்தச் சிறுநீரகங்கள் இன்னும் வேலை பழகிக்கொண்டிருக்கின்றன. ஊட்டுவதற்கு முன் பாட்டி ஒரு பருக்கையை வாயில் போட்டுப் பார்த்து, "ஐயோ பாவம், உப்பில்லாமல் எப்படிச் சாப்பிடும்?" என்று ஒரு சிட்டிகை போட வருவாள். போட வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். உப்பில்லை என்று தெரிந்தது எழுபது வருஷம் பழகிய பாட்டியின் நாக்குக்குத்தான். குழந்தை அதே சாதத்துக்கு வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது.